பூக்கடையிலிருந்து வந்த மரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பாச்சை உருண்டை வாசனையோடுதான் தொடங்கும். நவம்பர் மழை கிளமெண்டியின் அடுக்குமாடி புளோக்குகளை நாள் முழுக்க நனைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சனிக்கிழமை மாலையில், அப்பா ஸ்டோர் ரூமுக்குள் பாதி உடம்பை நுழைத்து, பழைய மின்விசிறி, அரிசி டிரம், என் மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் தாண்டிக் கையை நீட்டி, டேப் ஒட்டி ஒட்டியே கனம் கூடிப்போன ஓர் அட்டைப்பெட்டியை வெளியே இழுத்துப் போடுவார். திறந்ததும் பாச்சை உருண்டையும் பழைய மழைக்கோட்டும் கலந்த ஒரு நெடி கூடத்தில் எழும்பும். மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக் வாசனை நினைவுக்கு வரலாம். எனக்கு இன்றைக்கும் துணி அலமாரியைத் திறந்தால் போதும், தேவதூதர்கள் பாடத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அப்பா பிறந்த வீட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் மரம். அவருடைய பெற்றோர் போன பிறகு அந்த வீட்டிலிருந்து அவர் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சாமான் அது. கிளை ஒவ்வொன்றின் அடிக்கம்பியிலும் ஒரு நிறம் பூசியிருக்கும், சிவப்பு பூசியது கீழ் வரிசைக்கு, மஞ்சள் அதற்கு மேலே, இப்படி. நிறமெல்லாம் உரிந்துபோனதால் அப்பா ஞாபகத்தை வைத்தே கிளைகளைச் சொருகுவார். அவருடைய ஞாபகமோ ஆண்டுக்கு ஒரு விதம். பெரும்பாலும் பெரிய கிளைகள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா அதற்கு "தொப்பை மரம்" என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டதால் அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைப்போம். ஆனாலும் விளக்கைப் போட்டுவிட்டு, அதன் அடியில் மல்லாந்து படுத்து, கம்பிகளுக்கிடையே மினுங்கும் சிவப்பையும் பச்சையையும் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கேயோ மிதந்து போவது போலிருக்கும். எனக்கு அதுதான் நிஜ மரம்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. அம்மா பூக்காரர் வீட்டுப் பெண். லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டு வரிசையில், அவளுடைய அண்ணன் சுப்பையா மாமாவின் பூக்கடை இருந்தது. அம்மா நடை பழகியதே அந்தக் கடையில், ரோஜாக் கூடைகளுக்கு இடையில்தான். பெற்றோர் சீக்கிரமே போய்விட, அவளை வளர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பியவர் மாமா. அந்த வீட்டில் நேற்றைய பூ இன்றைக்குத் தலையில் இருக்கக் கூடாது, சாமி படத்தில் இருக்கக் கூடாது, குப்பைக் கூடையில்கூட இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூ என்றால் அம்மாவுக்கு உதடு கோணும். "வாடாத பூவுக்கு என்ன மரியாதை?" என்பாள். அப்பா தொப்பை மரத்தைக் கட்டி எழுப்பும்போதெல்லாம் அவளுக்கு அடுக்களையில் ஏதோ தலைபோகிற வேலை வந்துவிடும்.

அப்பா துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவும் அவரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள், தேவாலயத்தில். மாமா வரவில்லை. சிராங்கூன் சாலையில் நடந்த பாதிக் கல்யாணங்களுக்கு மாலை கட்டியவர், தான் வளர்த்த தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு முழம் பூக்கூடக் கொடுத்தனுப்பவில்லை. அம்மா யாரோ வாங்கித் தந்த துணிப்பூச் செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதம் மாறிய கோபத்தைவிட மாமாவை அறுத்தது அந்தச் செண்டுதான் என்று இப்போது தோன்றுகிறது. "துணிப்பூவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாமே!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மாலை கொடுத்திருந்தால் அவள் ஏன் துணிப்பூவைப் பிடிக்கப் போகிறாள் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. தங்கை வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று மாமா அப்போது சொன்னதுதான், அதன்பின் மிதிக்கவே இல்லை.

பேச்சு வார்த்தை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து டோபி காட்டில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. அம்மா என்னை இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போவாள். மாமா நிமிர்ந்து பார்க்காமலே மல்லிகையை அளந்து, நறுக்கி, அவள் கையில் வைப்பார். எனக்கு ஒரு ரோஜா. அப்பா எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு "தே", அதாவது பால் டீ, வாங்கி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். மாமாவுக்கு அவர் பெயர் வாயில் வராது. "உங்கப்பா நல்லா இருக்காரா?" என்று என்னிடம் கேட்பார். நான் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினால், அந்தத் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைகளையும் பார்ப்பார்.

அம்மாவுக்கு வேறு எந்தக் குறையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் ஒரு தடவை வீட்டுக்கு வர வேண்டும், தன் கையால் ஒரு காப்பி குடிக்க வேண்டும், அது ஒன்றுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அழைப்பாள். "கடையை யார் பார்த்துக்குவா?" என்பார் மாமா. மார்கழி மாதம், கோயில் பூ, ஆள் இல்லை. காரணம் எப்போதும் கட்டிவைத்த மாலை போல் தயாராக இருக்கும். ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு அதிகமாகவே மேசைக்கு வரும், பிறகு சத்தமில்லாமல் அலமாரிக்குத் திரும்பும்.

நான் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டில்தான் நிஜ மரம் எங்கள் கதைக்குள் வந்தது. மாமாவுக்கு மொத்தமாக ரோஜா கொடுக்கும் சீன முதலாளி, எல்லோருக்கும் அவர் 'தவுக்கே', ஆண்டுக் கடைசியில் குளிர்நாடுகளிலிருந்து ஊசியிலை ஃபிர் மரங்களையும் தருவித்து விற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேன் கடைக்கு முன்னால் நின்றபோது, ரோஜாப் பெட்டிகளுக்குப் பின்னால், வலையில் இறுகக் கட்டப்பட்டு, குடையை மடக்கி வைத்த மாதிரி ஒரு மரம் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணே, இது மாதிரி எனக்கு ஒண்ணு வாங்கித் தர்றீங்களா? பிளாஸ்டிக்கை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன்" என்றாள். மாமாவின் கை நின்றது. "பிளாஸ்டிக்கா?" என்றார், தங்கை வீட்டில் பாம்பு இருப்பதாகக் கேள்விப்பட்டவர் போல. "தவுக்கேகிட்ட சொல்றேன் லா. நல்லதாப் பார்த்து நானே எடுத்து வைக்கிறேன்."

அன்று மாலை கூடத்தில் விவாதம் நடந்தது. அப்பா பெட்டியை ஏற்கெனவே வெளியே இழுத்திருந்தார். வருடா வருடம் ஒரு மரத்தை வெட்டி வரவழைப்பது என்ன நியாயம், ஊசி ஊசியாகக் கொட்டினால் யார் கூட்டுவது, கொஞ்ச நாள் கூத்துக்கு எவ்வளவு அலைச்சல் என்று அவர் பட்டறைக்காரர் பாணியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.  "அண்ணன் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்று மட்டும் அம்மா சொன்னாள்.  அப்பா கையில் இருந்த கிளையின் கம்பியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைப் பெட்டிக்குள் வைத்து, "அவர் கையால வர்ற மரம்னா வரட்டும்" என்றார். மரம் என்றால் யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டுமே என்ற கணக்கு அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. தொப்பை மரத்துக்காக ஒரு மூச்சு அழுதேன்.

அழுகை ஓய்ந்த பிறகு புது மரம் என் கனவுக்குள் வந்துவிட்டது. மழை பெய்யும் இரவுகளில் படுத்துக்கொண்டு அதன் பயணத்தை நினைத்துப் பார்ப்பேன். எங்கோ பனி பெய்யும் மலையில் அது நிற்கிறது. பிறகு கப்பலில், இருட்டான ஒரு குளிர்ப் பெட்டிக்குள், தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கான மரங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, வெயிலே தெரியாமல் கடல் கடந்து வருகிறது. அப்பாவின் பட்டறை விளக்குகளைத் தாண்டி, மெதுவாக, மெதுவாக எங்கள் தீவுக்குள் நுழைகிறது. அது முழித்துக்கொள்ளும்போது லிட்டில் இந்தியாவில் இருக்கும். மல்லிகையையும் கனகாம்பரத்தையும் பார்த்து நாம் எங்கே வந்துவிட்டோம் என்று விழிக்கும். பாவமாக இருக்கும் எனக்கு.

மரம் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. மேல் மாடியில் இறங்கிப் படிகளில் கீழே வர வேண்டும். கடையில் வேலை செய்யும் இரண்டு அண்ணன்மார் அதைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அம்மா கதவை அகலத் திறந்து, புதுச் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து நின்றாள். அவர்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நான் தாழ்வார விளிம்பில் எட்டிப் பார்த்தேன். கீழே வேன் நின்றது. அதன் ஜன்னலுக்கு வெளியே மாமாவின் முழங்கை தெரிந்தது.

"அண்ணன் மேல வரலியா?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டியைப் பார்த்துக்கணும்னு சொன்னாரு, அக்கா" என்றார் ஒருவர், கூச்சத்துடன்.

அம்மா காப்பி போட்டு, அதை மூடி, ஒருவரிடம் கொடுத்துக் கீழே அனுப்பினாள். குவளை திரும்பி வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமா அடிமண்டிவரை குடித்திருந்தார். அவள் அந்தக் குவளையைக் கழுவாமல் வெகுநேரம் மேசைமேல் வைத்திருந்தாள்.

புறப்படும்போது அவர்களில் ஒருவர் மரத்தின் இரும்பு ஸ்டாண்டைக் காட்டி, அதில் ஒரு கிண்ணம் இருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், விட்டால் அடித்தண்டில் பிசின் அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். "பூக்கடைக்காரர் தங்கச்சிக்கே சொல்லித் தர்றியாப்பா?" என்று அம்மா சிரித்தாள்.

வலையை அறுத்ததும் மரம் பெருமூச்சு விட்டுக் கைகளை விரித்தது. அன்றிரவு வீடே வேறாகிவிட்டது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனையோடு கொஞ்சம் கற்பூரம் சேர்ந்தாற்போல் ஒரு மணம் கூடத்திலிருந்து கிளம்பி, அடுக்களையின் வெங்காயத்தை வென்று, என் தலையணைவரை வந்தது. விடுமுறைக்கு மடித்து வைத்த பள்ளிச் சீருடையில்கூட அந்த மணம். டிசம்பர் முழுக்கக் கண்ணை மூடினால் போதும், எங்கள் மாடிக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். தொப்பை மரத்தை அடியோடு மறந்துபோனேன், பிள்ளைகள் அப்படித்தான்.

ஆனால் மணம் நாளுக்கு நாள் குறைந்தது. கிளைகள் தொங்கின. மரத்தைக் கடந்து யாராவது வேகமாக நடந்தாலே சரசரவென்று ஊசிகள் உதிர்ந்தன. ஸ்டாண்டுக் கிண்ணத்தில் தண்ணீரே இல்லை. ஒரு நாள் நான் குவளையில் தண்ணீர் கொண்டு வந்தபோது, "தரையெல்லாம் ஈரமாகும், வை, நான் பார்த்துக்கிறேன்" என்று அம்மா வாங்கி வைத்துவிட்டாள். பார்த்துக்கொள்ளவில்லை. வாசலில் இருந்த துளசிக்கும் மல்லிச் செடிக்கும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றுகிறவள் இதை மட்டும் எப்படி மறக்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம். அப்பா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஊசிகளைக் கூட்டி அள்ளுவார். வறண்ட கிண்ணம் அவர் கண்ணிலும் பட்டிருக்கும். இயந்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் குறைந்தாலும் கத்துகிற மனிதர், வாயே திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மா கைப்பையைத் திறந்து, ஒரு பிடி காய்ந்த ஊசிகளை மாமாவின் மேசைமேல், மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டினாள். "பாருங்கண்ணே, நீங்க எடுத்துக் குடுத்த மரம்."

மாமா இரண்டு ஊசிகளை எடுத்து நசுக்கி முகர்ந்தார். முகம் கறுத்தது. "தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தாம?" என்றாள் அம்மா, ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில்.

"என் கடையிலேர்ந்து போன எதுவும் விசேஷத்துக்கு முன்னாடி வாடுனது இல்லை" என்றார் மாமா.  எனக்கு ரோஜா கொடுக்கக்கூட மறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், விளக்கு வைக்கும் நேரம். மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரம்பம், மறு கையில் வாழை இலையில் பொதிந்த பெரிய பொட்டலம், தோளில் ஈரச் சாக்கு. செருப்பைக் கழற்றினார். யாரையும் பார்க்கவில்லை. வாங்க என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை, சொன்னால் திரும்பிவிடுவாரோ என்று. நேரே மரத்திடம் போய், குனிந்து, ஸ்டாண்டுக் கிண்ணத்துக்குள் கையை விட்டார். விரல்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாளி கொண்டா" என்றார் மாமா.

வாளியைக் கொண்டு வந்தது அப்பா. இருவரும் மரத்தைக் கூடத்தில் படுக்க வைத்தார்கள். அப்பா தண்டை முழங்காலால் அழுத்திப் பிடிக்க, மாமா பிசின் அடைத்த அடியில் ஒரு வட்டத்தை அறுத்தெடுத்தார். பச்சை மணம் குப்பென்று எழுந்தது. பேச்சு என்று பார்த்தால் "கொஞ்சம் இப்படி," "ம்," "விட்டுடாதீங்க," அவ்வளவுதான். மரத்தை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, சாக்கை அடியில் சுற்றி முடித்ததும் அப்பா சீரியல் விளக்கைப் போட்டார். மாமா கைகளைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். மாலை. மல்லிகையும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்து, மாப்பிள்ளை கழுத்துக்குக் கட்டுகிற மாதிரி, கைப் பருமனுக்கு ஒரு மாலை. "முதல் தடவை ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாங்க?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பூக்காரர்கள் எப்போதும் செய்வது போல வாளித் தண்ணீரை அள்ளி மாலைமேல் தாராளமாகத் தெளித்து, சொட்டச் சொட்ட அதை மரத்தின் கழுத்தில், எரிந்துகொண்டிருந்த விளக்குகளின்மேல் சாத்தினார்.

'பட்' என்று ஒரு சத்தம். வீடு முழுவதும் இருண்டது.

 இருட்டில் மல்லிகையும் ஃபிர் மரமும் சேர்ந்து மணத்தன. அப்படி ஒரு மணம் உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது. நான் கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, மெயின் எங்க இருக்கு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல். "கதவுக்கு மேல, மச்சான்."

இருவரும் தட்டுத் தடுமாறி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள், அதுவும் கேட்டது. விளக்கு வந்தபோது அவள் அடுக்களையில் பால் பொங்க நின்றாள். மேசையில் அந்த அதிகத் தட்டு அன்றைக்கு அதிகமாக இல்லை.

மரம் பிழைக்கவில்லை. மறுநாள் பாதி மொட்டையாக, ரோஜா மாலை சாத்திக்கொண்டு, விளக்கே இல்லாமல் நின்றது. அதைப் போலப் பரிதாபமான கிறிஸ்துமஸ் மரத்தை நான் பார்த்ததில்லை, அதைவிட அழகானதையும் பார்த்ததில்லை. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மாமாவே மரத்தோடு எங்கள் வீட்டுப் படியை மிதித்தார். மரத்துக்குத் தண்ணீரும் தவறாமல் கிடைத்தது. "அந்த வருஷம் வேணும்னுதானே ஊத்தலை?" என்று வளர்ந்த பிறகு அம்மாவை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "மறந்துட்டேன்" என்பாள், கண் சிமிட்டாமல்.

இப்போது பஃபலோ ரோட்டில் அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. மாமா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பிள்ளைகள் கணினி வேலையில் இருக்கிறார்கள். ஃபிர் மரத்தைக் கைப்பேசியிலேயே தேர்ந்தெடுக்கலாம். கையுறை அணிந்த இருவர் வந்து நிறுத்திவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லி, அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்கள். எங்கள் பழைய புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடிகளிலும் நிற்கிறது.

போன வாரம் என் மகள் நிஜ மரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். என் கணவருக்கு பிளாஸ்டிக் போதும். தீர்ப்புக்காக அம்மாவை அழைத்தேன். பதில் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்ற நினைப்பில் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பிளாஸ்டிக்கே வாங்கிடு லா" என்றாள் அம்மா.

"என்னம்மா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"



"நிஜ மரம் வாடுனா," என்றாள், "கூப்பிட அண்ணன் எங்க இருக்காரு?"